பொட்டு கலையாத சைக்கிள்

செப்டம்பர் 14, ஞாயிறு
ஹால் நடுவில் ஒரு சைக்கிள் நிற்கிறது. எங்கும் போகாத சைக்கிள். கணவர் வாங்கி வந்திருக்கிறார். எனக்காம், எக்சர்சைஸ் பண்ண. கோட்டூர்புரம் ஸ்டேஷன் படியில் நான் மூச்சு வாங்கி நின்றதைப் பக்கத்து ஃப்ளாட்காரர் பார்த்துச் சொன்னாராம். "உன் நல்லதுக்குத்தாம்மா." இவர் தொப்பையின் நல்லதுக்கு யார் என்ன வாங்குவது?

சீட்டின் பாலிதீன் உறையைப் பிரிக்கக் கூடாதாம். புதுசு போய்விடுமாம். ரிமோட்டுக்கு உறை, சோபாவுக்கு உறை. இந்த வீட்டில் உறை போடாத பொருள் நான் ஒருத்திதான்.

செப்டம்பர் 17, புதன்
தொடவில்லை. தொடப்போவதும் இல்லை. ஹேண்டிலில் அவருடைய ஈரத் துண்டு காய்கிறது. நல்ல உபயோகம்.

செப்டம்பர் 22, திங்கள்
ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த கயல், ஸ்டேஷன் படியில் என் பையை வாங்கிக்கொண்டாள். "குடுங்க மேடம். பாவம் நீங்க."

பாவமா? நாற்பத்தாறு வயசுல பாவமா?

சாயங்காலம் அவர் வருவதற்குள் உறையை நிதானமாகக் கழற்றிவிட்டு ஏறினேன். ஒரு பாட்டு முடிவதற்குள் தொடை கெஞ்சியது. இறங்கி, உறையைப் பழைய மடிப்பிலேயே மாட்டி, துண்டையும் இருந்தபடியே போட்டேன். அவர் சொன்னது சரி என்று அவருக்குத் தெரிவதைவிட மூட்டு தேய்ந்துபோவது மேல்.

செப்டம்பர் 27, சனி
தினமும், அவர் வருவதற்கு முன். நைட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு. கண்ணாடியில் பார்த்தேன் — கண்றாவி.

அக்டோபர் 1, புதன்
ஆயுத பூஜை. கார், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவர் சைக்கிளையும் விடவில்லை. சீட்டு உறைமேல் சந்தனம், குங்குமம். அடியில் எலுமிச்சம்பழம் வேறு.

"இது எந்த ஊருக்குப் போகுதுன்னு பழம் வைக்கிறீங்க?"

"வண்டின்னா வண்டிதான்." எம்.காம். படித்தவர்.

பூஜையில் வைத்ததை நாளைவரை தொடக் கூடாது. சரி. கால் ஏன் இப்படித் துருதுருக்கிறது?

அக்டோபர் 9, வியாழன்
படி முழுவதையும் நிற்காமல் ஏறிவிட்டேன். திரும்பினால் கயல் பின்னால் வருகிறாள். "மேடம், இன்னா ஸ்பீடு!" பையை அவளிடம் கொடுக்கவில்லை.

வீட்டில் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லவில்லை.

அக்டோபர் 15, புதன்
சைக்கிளைத் தன் தங்கை வைதேகிக்குக் கொடுக்கிறாராம். ஞாயிறு வேளச்சேரியிலிருந்து குட்டியானை வண்டியோடு வருகிறாளாம். "நீதான் தொடவே மாட்டேங்கிறியே."

நான் தோசையைத் திருப்பினேன்.

நான் ஓட்டறேங்க — இவ்ளோதானே சொல்லணும்? வரமாட்டேங்குதே. அப்படி என்ன திமிர் எனக்கு? அந்த மனுஷனைக் கேலி பண்ணிப் பண்ணியே என் வாயை நானே தெச்சு வெச்சிருக்கேன்.

அக்டோபர் 19, ஞாயிறு
வைதேகி வந்தாள். அவர் பெருமையாகச் சீட்டைக் காட்டினார். "பாரு, பூஜைக்கு வெச்ச பொட்டுகூடக் கலையல. உங்க அண்ணி ஒரு நாள்கூட உக்காரல." அவ்வளவு பக்குவமாகக் கழற்றி மாட்டியிருக்கிறேன். என் சாமர்த்தியமே சாட்சி சொல்கிறது, எனக்கு எதிராக.

"அண்ணிக்கு எதுக்குண்ணா இதெல்லாம்? அவங்க புக் படிக்கிற டைப்பு" என்றாள் வைதேகி.

வண்டிக்காரர் ஹேண்டிலைப் பிடித்தார். "தூக்கிக்கலாமாக்கா?"

"கையை எடுப்பா."

புடவையைச் செருகிக்கொண்டு பொட்டின் மேலேயே ஏறி உட்கார்ந்தேன். உறை வழுக்கியது. மிதித்தேன். வைதேகியின் காபி ஆடை கட்டும்வரை மிதித்தேன். எனக்கு மூச்சு வாங்கவில்லை. அதைத்தான் அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எப்பலேர்ந்து?"

"துண்டு காயப்போடறவருக்கு எப்படித் தெரியும்?"

குட்டியானை காலியாகத் திரும்பியது.

அக்டோபர் 22, புதன்
தீபாவளி முடிந்தது. புடவையில் குங்குமக் கறை போகவில்லை. உறையை நேற்றே வெட்டி எறிந்தாயிற்று.

இன்று அவருக்கு லீவு. ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால் சீட்டு, நான் வைத்ததைவிட உயரத்தில் இருக்கிறது. துண்டு ஹேண்டிலில், ஒன்றும் நடக்காத மாதிரி. அவர் பேப்பர் படிக்கிறார், பனியன் முதுகில் ஒட்ட.

சீட்டை இறக்கிக்கொண்டு ஏறினேன்.

மாட்டிக்கொள்ளாமல் செய்யக்கூடத் தெரியவில்லை இந்த மனுஷனுக்கு.