மூச்சும் மருந்து ரூமும்

2006 ஜூன் 12, திங்கள்

காத்து. விடியும்போதே மண்ணு பறக்குது. கொடியில கிடந்ததை எல்லாம் மறுபடி அலசணும்.

முதல் நாள். 5 நிமிஷம். நடு ரூம்ல ஜமுக்காளத்தை நாலா மடிச்சுப் போட்டு. கண்ணை மூடி மூச்சை மட்டும் பார்க்கணும். மூணாவது மூச்சுலேயே அரிசி ஊறப்போட்டேனான்னு சந்தேகம். அப்புறம் பிரஸ்ல நான் பார்க்க வேண்டிய ஆகஸ்ட் மாசக் காலண்டர் தாள் புரூஃப். அப்புறம் மூச்சு எங்க போச்சுன்னே தெரியலை.

ஆஸ்பத்திரியில ரெஜினா சிஸ்டர் சொன்னது: "இருதயத்துல ஒண்ணும் இல்ல செல்வி. படபடப்புதான். தினம் அஞ்சு நிமிஷம் மூச்சைப் பார்த்துக்கிட்டு உக்காருங்க. பழகப் பழக அஞ்சஞ்சா கூட்டுங்க. எத்தனை நிமிஷம்னு எழுதி வைங்க." நிமிஷத்தை மட்டும்தான் எழுதச் சொன்னாங்க. எனக்குப் பேனாவை எடுத்தா நிக்காது.

எதுக்கு உட்கார்றேன்னும் ஒரு தடவை எழுதிடுறேன். ஏப்ரல்ல, இவர் வேலை பார்க்கிற பட்டாசு கம்பெனிக்கு அடுத்த கம்பெனியில மருந்து ரூம் வெடிச்சது. மருந்து கலக்குற ரூம். இங்க பிரஸ் வரைக்கும் சத்தம். எந்தக் கம்பெனின்னு தெரியவே ஒன்றரை மணி நேரம் ஆச்சு. இவருக்கும் அப்ப மருந்து ரூம்லதான் வேலை. சாயங்காலம் வந்தார், குளிச்சார், சாப்பிட்டார், படுத்துட்டார். மறுநாள், "பேக்கிங்குக்கு மாறிட்டேன்" அப்படின்னார். அத்தோட பேச்சு முடிஞ்சது. எனக்கு முடியலை. கதவு அடிச்சாக்கூட நெஞ்சு தொண்டைக்கு வந்துருது.

ஜூன் 15, வியாழன்

10 நிமிஷம். கடிகாரத்தை மூணு தடவை பார்த்தேன்.

கவிதா பள்ளிக்கூடம் கிளம்புறவ எட்டிப் பார்த்து, "எம்மா, உக்காந்தே தூங்குறியா?" பத்தாங்கிளாஸ் போயாச்சு, ரிப்பன் மட்டும் நான்தான் தேடிக் கொடுக்கணும்.

இவர் சட்டை மாட்டிக்கிட்டே, "சாமியாரம்மா, டீ கிடைக்குமா?" சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு உடனே போயிருச்சு.

வாங்கணும்: புளி, கவிதாவுக்கு கிராஃப் நோட்டு, நீலம்.

ஜூன் 19, திங்கள்

15 நிமிஷம். இடது கணுக்கால் மரத்துப் போச்சு. முதுகுல ஒரு இடம் அரிக்குது, சொறிஞ்சா இன்னொரு இடம். காது மட்டும் வாசல்ல போய் உட்கார்ந்துக்கிட்டு எதையோ எதிர்பார்த்துக்கிட்டே இருக்கு.

பிரஸ்ல மானம் போச்சு. டெய்லி காலண்டர் புரூஃப்ல அடுத்தடுத்து ரெண்டு தாள்லயும் புதன்கிழமை. நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டது. மிஷின்ல ஏத்துறதுக்கு முன்னாடி பிளேட் போடுறவர் கண்டுபிடிச்சார். பிரஸ் முதலாளி அண்ணாச்சி திட்டலை. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே, "உடம்பு சரியில்லையாம்மா? ஒன்பது வருசத்துல நீ விட்டதில்லையே" அப்படின்னார். திட்டியிருக்கலாம்.

ஜூன் 22, வியாழன்

மறுபடி 15. கூட்ட முடியலை. எட்டாவது நிமிஷம் எந்திரிச்சுட்டேன், தெருவுல யாரோ தகர டிரம்மை உருட்டினாங்க. திரும்ப வந்து மிச்சத்தை உட்கார்ந்தேன். இது கணக்குல சேருமா? சிஸ்டர்கிட்ட கேக்கணும்.

காலையில குழாய்த் தண்ணி வர்ற நேரமும் இதுவும் இடிக்குது. நாளையிலேருந்து பிரஸ்ல சாப்பாட்டு நேரத்துல, பேப்பர் ஸ்டோர்ல உட்காரலாம். ரீம் கட்டுக்கு நடுவுல இடம் இருக்கு. ஞாயிறும் திங்களும் குழாய்த் தண்ணி வராது, அன்னிக்கு மட்டும் வீட்டுல.

ஜூன் 26, திங்கள்

20 நிமிஷம். வீட்டுல. இவரும் கவிதாவும் போனதுக்கப்புறம்.

மூச்சு மூக்கு நுனியைத் தொட்டுட்டு உள்ள போகும், அதைக் கவனிங்கன்னு சிஸ்டர் சொல்லியிருந்தாங்க. இத்தனை நாள் புரியலை. இன்னிக்குப் புரிஞ்சது. குளுகுளுன்னு ஒரு கோடு மாதிரி. அதைப் பிடிச்சுக்கிட்டே போனேன். மூச்சோட ஒரு வாடையும் வந்தது.

கந்தகம்.

கண்ணைத் திறந்தேன். தலைக்கு மேல ஆணியில இவர் சனிக்கிழமை வேலைக்குப் போட்ட சட்டை. பேக்கிங்ல இருந்தா பசை வாடையும் அட்டை வாடையும்தான் வரும். எடுத்துப் பார்த்தேன். காலர் மடிப்புல அலுமினியப் பவுடர், மினுமினுன்னு. துவைச்சும் போகாம தையலுக்குள்ள.

ரெண்டு மாசமா இந்தச் சட்டைகளைத் துவைக்கிறது நான். எப்படித் தெரியாமப் போச்சு? தெரிய வேண்டாம்னு இருந்துட்டேன்போல.

ஜூன் 27, செவ்வாய்

உட்காரலை. 0.

சாயங்காலம் வந்ததும் கேக்கலாம்னு இருந்தேன். கவிதா படிச்சுக்கிட்டு இருந்தா. டியூஷனுக்குப் போகட்டும்னு பொறுத்தேன். சோறு போட்டதுக்கப்புறம்:

"பேக்கிங்லயா இருக்கீக?"

பிசைஞ்சுக்கிட்டே இருந்தார். "யார் சொன்னது?"

"உங்க சட்டை."

குழம்பை இழுத்து ஊத்திக்கிட்டார். அப்புறம் சொன்னார். "மே மாசமே திரும்பிட்டேன். அங்கன ரெண்டு பேரும் புது ஆளு. மருந்தை மாவு சலிக்கிற மாதிரி அள்ளிக் கொட்டுறானுக. அடுத்த கம்பெனியில அன்னிக்கு உள்ள இருந்தவன் வேலைக்கு வந்து ஒன்பது நாளு. சீசன் நேரம், வேற ஆள் கிடையாது. நான் பதினஞ்சு வருசம் பார்த்தவன். என் கை எனக்குத் தெரியும்."

"உங்க கை சரி. பக்கத்துல நிக்கிறவன் கை?"

தட்டுலயே கையைக் கழுவிட்டு எந்திரிச்சுட்டார்.

கோபமா இருக்கேன். ஆனா அவர் சொன்னது தப்புன்னும் சொல்ல முடியலை. அதனால இன்னும் கோபம்.

ஜூன் 29, வியாழன்

ஆஸ்பத்திரி. வரிசையில முக்கால் மணி நேரம். பக்கத்துல ஒரு அம்மா, "எங்க வீட்டுலயும் இப்படித்தான், சொன்னா கேக்கவா செய்றாக" அப்படின்னாங்க. நான் ஒண்ணும் சொல்லவே இல்ல. முகத்தைப் பார்த்துச் சொல்லிட்டாங்க.

சிஸ்டர்கிட்ட எல்லாத்தையும் கொட்டினேன். "பொய் சொல்லிட்டார் சிஸ்டர். நான் இங்க மூச்சைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"அதுக்கு எங்கிட்ட மாத்திரை இல்லம்மா" அப்படின்னாங்க. "பயப்படுறதுக்குக் காரணம் இருக்கு, பயப்படுறீங்க. பயம் வந்தாலும் தலை சுத்தி விழாம இருக்கத்தான் இது. நிறுத்திடாதீங்க. வீட்டுல பேசுறதையும் நிறுத்தாதீங்க."

20 நிமிஷம், பேப்பர் ஸ்டோர்ல. அரைகுறை.

ஜூலை 5, புதன்

சுடுகாத்து. 25 நிமிஷம்னு நினைச்சு உட்கார்ந்தேன்.

ஒண்ணு பத்து இருக்கும். தெற்க இருந்து ஒரு சத்தம். ரீம் கட்டெல்லாம் அதிர்ந்த மாதிரி இருந்தது. நிஜமா அதிர்ந்ததா, நான்தானா, தெரியலை. செருப்பைத் தேடலை. ஆபீஸ்ல போய் இவர் செல்லுக்கு அடிச்சா, அணைச்சு வச்சிருக்கு. செல்லைக் கேட்டுலயே வாங்கி வச்சுருவாங்க, உள்ள கொண்டு போகக் கூடாது. தெரிஞ்சும் நாலு தடவை அடிச்சேன்.

அண்ணாச்சி, "போய்ட்டு வாம்மா" அப்படின்னார். யாரோட செருப்பையோ போட்டுக்கிட்டு பஸ் ஏறினேன். இவர் கம்பெனி வழியாப் போற வெம்பக்கோட்டை பஸ். அரை மணி நேரம். ஜன்னல்ல புகை தெரியுதான்னு பார்த்துக்கிட்டே. கண்டக்டர்கிட்ட கேட்டேன். "கல்குவாரியில வச்ச வெடிதான்க்கா. ஒண்ணும் இல்ல" அப்படின்னார். ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சும் இறங்கலை.

கம்பெனி கேட்டுல வாட்ச்மேன் உள்ள விடலை. அவர் மேல தப்பில்ல. ஆளை விட்டுச் சொல்லி அனுப்பினார். இவர் வந்தார். முழங்கை வரைக்கும் வெள்ளி பூசின மாதிரி. கண் இமையில கூட.

"என்ன செல்வி? புள்ளைக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. சத்தம் கேட்டுச்சு."

"குவாரிடி அது."

"தெரியும்."

"அப்ப வீட்டுக்குப் போ."

"போகலை. வேலை முடியட்டும். இங்கன உக்காந்திருக்கேன்."

வேலியோரம் வேப்ப மரம். அதுக்குக் கீழே உட்கார்ந்தேன். வேற என்ன செய்றது, மூச்சைப் பார்த்தேன். மூச்சு ஓடி வந்த நாய் மாதிரி இருந்தது. அடங்கலை. அடங்காததையே பார்த்துக்கிட்டு இருந்தேன். நடுவுல வாட்ச்மேன் ஒரு செம்பு தண்ணி கொண்டு வந்து வச்சார். கண்ணைத் திறக்கிறப்ப வெயில் மரத்தைத் தாண்டிப் போயிருந்தது. எத்தனை நிமிஷம்னு தெரியாது. எழுதலை.

திரும்பி வர்ற பஸ்ல கடைசி சீட். இவர்தான் முதல்ல பேசினார்.

"வெடிச்ச அன்னிக்கு ராத்திரி நான் தூங்கினேன்னா நினைச்ச?"

ஜன்னல் பக்கம் இருந்தவ அவர் பக்கம் திரும்பினேன்.

"வேலியைத் தாண்டிக் குதிச்சு நாங்கதான் முதல்ல போனோம். அவனைத் தார்ப்பாய்ல வச்சுத் தூக்கினோம். ஒன்பது நாள் ஆளு, பேரு கூட எனக்குத் தெரியாது. அண்ணே, சைக்கிளைப் பூட்டாம வந்துட்டேன், பார்த்துக்கோங்கன்னான். மூணா நாள் போயிட்டான். சைக்கிளை நான்தான் கொண்டு போய் அவன் வீட்டுல விட்டேன். அவன் பொண்டாட்டி வாங்கிச் சுவத்துல சாத்திட்டு, தண்ணி குடிக்கிறீகளாண்ணேன்னு கேட்டா."

ஸ்டாப் வந்தது. ரெண்டு பேரும் இறங்கலை. அடுத்த ஸ்டாப்ல இறங்கி நடந்து வந்தோம்.

பதினாறு வருசம் ஒரே வீட்டுல. பக்கத்துல படுத்திருக்கிறவர் தூங்கலைன்னு எனக்குத் தெரியலை.

ஜூலை 6, வியாழன்

அண்ணாச்சி ஒண்ணும் கேக்கலை. செருப்பு பைண்டிங் மாரியம்மாளோடதாம். திருப்பிக் கொடுத்தேன். "வச்சுக்கோக்கா, எனக்குக் கடிக்குது" அப்படின்னா.

15 நிமிஷம். கீழ இறங்கிட்டேன். பரவாயில்ல.

ஜூலை 10, திங்கள்

ஞாயித்துக்கிழமை முழுக்க வீட்டுல பேச்சு. சத்தம் போட்டும் பேசினோம், போடாமலும். கவிதா, "ரெண்டு பேரும் வெளிய போய்ச் சண்டை போடுங்க, எனக்கு நாளைக்கு டெஸ்ட்" அப்படின்னுட்டா.

இவர் சொன்னது: ஆடி முடியிற வரைக்கும் அந்த ரெண்டு பேருக்கும் கூட நின்னு பழக்கி விடுவார். அதுக்கப்புறம் பேக்கிங். போர்மேன்கிட்ட சொல்லிட்டாராம். அதுவரைக்கும் மருந்து ரூம் காலையில மட்டும், வெயில் ஏறுறதுக்குள்ள. ஏழு மணிக்கு உள்ள போனா எட்டேகாலுக்கு வெளிய. வந்ததும் கேட்டுக்கு வந்து செல்லை வாங்கி வீட்டு போனுக்கு அடிப்பார். ரெண்டு தடவை மணி அடிச்சா வச்சுருவார், நான் எடுக்க வேண்டாம்.

நான் கேட்டது: இனிமே எதையும் மறைக்கக் கூடாது. தலையை ஆட்டினார்.

இது போதுமா? போதாது. இன்னிக்கே வெளிய வந்துருங்கன்னுதான் சொல்ல நினைச்சேன். சொல்லவும் செஞ்சேன். "அந்தப் பையன்களை அப்படியே விட்டுட்டு வரச் சொல்றியா?" அப்படின்னார்.

இனிமே காலையில ஏழரைக்கு உட்கார்றேன். தண்ணியைக் கவிதா பிடிச்சுக்கிறேன்னுட்டா. 25 நிமிஷம் இன்னிக்கு. எட்டு பதினாறுக்கு மணி அடிச்சது.

ஜூலை 12, புதன்

25. எட்டு பன்னெண்டு.

தோசைக்கல் பிடி கழண்டுருச்சு.

ஜூலை 14, வெள்ளி

மேகம் போட்டிருக்கு, மழை இல்ல. 30 நிமிஷம்.

எட்டு மணிக்கு முடிஞ்சது. கண்ணைத் திறந்தேன். அடுப்பைப் பத்த வச்சேன். எட்டேகால் ஆச்சு. மணி அடிக்கலை. எட்டு இருபது. அடுப்பை அணைச்சேன். செருப்பு மாட்டினேன். கழட்டினேன். திரும்ப ஜமுக்காளத்துல உட்கார்ந்தேன். மூச்சு உள்ள போகுது, வெளிய வருது, காது போன்கிட்ட. ஒண்ணு, ரெண்டுன்னு மூச்சை எண்ணினேன். முப்பத்தொண்ணு வரைக்கும் எண்ணினது ஞாபகம் இருக்கு.

எட்டு இருபத்தேழு. போன் ஒரு தடவை அடிச்சது. ரெண்டாவது அடிக்கிறதுக்குள்ள எடுத்துட்டேன்.

"எடுக்க வேண்டாம்னேன்ல?"

"முடிஞ்சதா?"

"முடிஞ்சது. அந்தப் புது ஆளுங்கள்ல சின்னவன் இன்னிக்குத் தனியாக் கலக்கினான், நான் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். மெதுவாச் செஞ்சான். அதான் நேரம் ஆச்சு."

"சாப்பிட்டீகளா?"

"இனிமேதான்."