வாளி மண்ணும் உன் முடியும்

உம்மா,

சோப்புப் போட்டுக் கழுவியும் விரலிலிருந்து மண்வாசனை போகவில்லை. மழை விட்ட தோட்டத்தின் வாசனை. நம் வீட்டில்தான் தோட்டமே இல்லையே. இது மாடியில் இருக்கும் உன் பெயிண்டு வாளியின் வாசனை. பெரியம்மா பக்கத்தில் தூங்குகிறார்கள். போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். உன்னிடம் மட்டுமே சொல்ல முடிகிற ஒரு விஷயம் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

கொல்லையில் தென்னையை வெட்டி டைல்ஸ் போட்ட வருடம் உனக்கு நினைவிருக்கும். வாப்பா குவைத்திலிருந்து வந்து நின்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் வழவழப்பைத் தடவிப் பாராட்டினார்கள். அந்த வெள்ளிக்கிழமை நீ எனக்குத் தலை சீவிவிட்டு, சீப்பில் வந்த முடியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தாய்.

"முடியும் நகமும் மண்ணுக்குத்தான் போவணும். பொதைக்க இந்த வீட்டுல ஒரு பிடி மண்ணு இல்லையேடி."

வெள்ளையடிக்க வந்தவர்கள் விட்டுப்போன இரண்டு வாளிகளை அதற்குப் பிறகுதான் மாடிக்கு ஏற்றினாய். கம்பியைப் பழுக்கக் காய்ச்சி நீ ஓட்டை போட்டாய். பிளாஸ்டிக் கருகும் நாற்றத்தில் நான் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையால் வாளியைப் பிடித்திருந்தேன். காய்கறித் தோல், டீத்தூள், முட்டை ஓடு எல்லாம் உள்ளே போயின. மேலே ஒரு கை தேங்காய் நார். கிளிஞ்சல்மேட்டு மீன்காரம்மாவிடம் வாங்கிய மீனின் கழிவை நான் கொட்டப் போனபோது கையைத் தட்டிவிட்டாய்.

"அத போட்டா நாளைக்கே பூனை வந்து ரேசன் கார்டுல பேர் சேக்கச் சொல்லும்."

நம் முடியும் அதில்தான் போனது. உன்னுடையதையும் என்னுடையதையும் சேர்த்து விரலில் சுற்றி, மோதிரத்தைக் கழற்றுவதுபோல் கழற்றி உள்ளே போடுவாய். மற்றதெல்லாம் மண்ணான பிறகும் முடி மட்டும் அப்படியே கிடக்கும். கிளறும்போது வெளியே வந்தால், "அதுக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று திரும்ப உள்ளே தள்ளுவாய். மண்ணை எண்ணெய்க் கேன்களில் நிரப்பிப் புதினாவும் கறிவேப்பிலையும் வைத்தாய்.

பால் கவர்களைக் கழுவி நீ கொடியில் கிளிப்பு மாட்டிக் காயவைத்ததைப் பார்த்து எதிர்வீட்டு மாமி சிரித்தது இப்போதும் காதில் இருக்கிறது. "ஏன் புள்ள, கட்டிப் போடலன்னா பறந்து மலேசியா போயிடுமா?"

"விசா இன்னும் வரல மாமி, அதான் புடிச்சு வெச்சிருக்கேன்" என்றாய் நீ.

இப்போது கொடியில் துணி மட்டும்தான் காய்கிறது.

பெண்பிள்ளைகள் அடக்கம் செய்யும் மையவாடிக்குப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். உன்னைத் தூக்கிப்போன அன்று நான் வாசல்வரைதான் வந்தேன். வாப்பாவும் அண்ணனும்தான் உன்மேல் மண் போட்டார்கள். உன் கபுர் எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு அண்ணன் என் உள்ளங்கையில் பேனாவால் ஒரு மரமும் பக்கத்தில் ஒரு புள்ளியும் வரைந்து காட்டினான். அது அழிந்த பிறகு நான் மாடிக்குப் போக ஆரம்பித்தேன். வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் உனக்காக ஓதுகிறேன். அதில் நீ இருக்கிறாய் என்று யாரிடமும் சொல்லவில்லை.

இன்று மதியம் பெரியம்மா, "புழு நெளியுதுடி. காலையில குப்பை வண்டி வந்ததும் ரெண்டு வாளியும் போவுது" என்றார்கள். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு மாடியில் அரிசிச் சாக்கை விரித்துப் பழைய வாளியைக் கவிழ்த்தேன். கறுப்பாக, பொலபொலவென்று மண். ஆப்பிளில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரும் ஒரு ஷாம்பு பாக்கெட்டும் நேற்று வாங்கியவைபோல மின்னின. அவற்றுக்கு அடியில் முடிச்சுருள் கிடந்தது.

"அங்க என்னடி நோண்டிக்கிட்டு இருக்கே?" பெரியம்மா படியேறி வந்துவிட்டார்கள்.

நான் கையை விரித்துக் காட்டினேன். "உம்மா முடி, பெரிம்மா."

பெரியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். சுருளை வாங்கி மண்ணை ஊதினார்கள்.

"அவளக் கடைசியா குளிப்பாட்டையில நான்தான் பின்னிவிட்டேன். சீப்புல வந்ததக்கூட கபன் துணிக்குள்ள வெச்சாச்சு. அவளோடது ஒண்ணுமே மிச்சமில்லன்னுல்ல நெனச்சேன்."

பிறகு சுருளை என் கையிலேயே திருப்பி வைத்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள்.

"வாளி இருக்கட்டும். புழு மட்டும் என் கண்ணுல படக்கூடாது, ஆமா. இத சுபுஹு தொழுதுட்டு ஒங்க அண்ணன் கொண்டுபோயி அவ கபுரு ஓரமா பொதைச்சிட்டு வரட்டும்." இரண்டு படி இறங்கித் திரும்பிப் பார்த்தார்கள். "எல்லாம் அவளோடதுதானே?"

"ஆமா" என்றேன்.

இதுதான் உம்மா விஷயம். உயிரோடு இருப்பவர்களின் முடி மையவாடிக்குப் போனால் அங்கே புதைத்த மையத்து அவர்களைக் கூப்பிடும் என்று என் வகுப்பில் ஒருத்தி சொல்லியிருக்கிறாள். படுக்கும் முன் பிரித்துப் பார்த்தேன். உன்னுடையது மருதாணிச் சிவப்பு, என்னுடையது கறுப்பு. பிரிக்கலாம்தான். ஒன்றை இழுத்தேன், நடுவில் அறுந்தது. எது அறுந்தது என்று பார்க்க மனம் வரவில்லை. அப்படியே காகிதத்தில் மடித்து அண்ணனிடம் கொடுத்துவிட்டேன்.

எழுத எழுதப் பயம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. நீ என்னைக் கூப்பிட மாட்டாய், எனக்கு உன்னைத் தெரியும். கூப்பிட்டாலும், நாளைக்குக் கணக்குப் பரீட்சையை வைத்துக்கொண்டு இன்னும் தூங்காமல் என்ன செய்கிறாய் என்று திட்டத்தான் கூப்பிடுவாய். நாளைக்குத் தலை சீவும்போது வருவதைத் தனியாகச் சுற்றி வாளியில் போட வேண்டும். அது எனக்குப் பழகவில்லை; பழகிக்கொள்வேன்.

விடிந்ததும் அண்ணன் வருவான். அவனுக்குத் தெரியாமல் நானும் கொஞ்சம் வருகிறேன், உம்மா. யாரிடமும் சொல்லிவிடாதே.