ஒன்பது எலிக்குட்டிகளும் ஒரு வேண்டுதலும்

என் பூங்கொடி சாமிக்கு,

நீ போய் வருஷம் திரும்பிவிட்டது. இத்தனை நாள் உன்னைத் தொந்தரவு செய்யவில்லை. இப்போது பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன். உன் செல்ல மருமகள், நான் பெற்ற நிவேதாவால் எனக்கும் பிள்ளையாருக்கும் மனஸ்தாபம்.

பெங்களூரில் அவள் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று நீ கேட்டுக்கொண்டே இருப்பாய். அப்போது உனக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. எட்டாவதோடு நின்றவள் நான். அவளுடைய பழைய பாடப்புத்தகத்தைப் புரட்டி, செல்போனில் பார்த்து, இப்போது ஓரளவு தேறிவிட்டேன். நம் எலும்பெல்லாம் முதலில் குருத்தெலும்புதானாம். அது சிலருக்கு ஏன் நீளாமல் நின்றுவிடுகிறது என்று பார்க்க, ஒரு மரபணுவை எலியிடமிருந்து எடுக்கிறாள். உடம்பு முழுக்க எடுத்தால் குட்டி வயிற்றிலேயே போய்விடுகிறது. அதனால் குருத்தெலும்பில் மட்டும்.

அதற்கு ஓர் எலி வம்சத்தில் அந்த மரபணுவின் இரண்டு பக்கமும் வெட்டுக்குறி. இன்னொரு வம்சத்தில், குருத்தெலும்பில் மட்டும் திறக்கிற கத்தரி. இரண்டையும் கலந்து தலைமுறை பார்த்தால், நாலில் ஒரு குட்டிக்குத்தான் எல்லாம் சரியாகக் கூடி வரும். அந்தக் குட்டிக்கு இருதயம், மூளை எல்லாம் முழுசு. கைகால் மட்டும் குட்டை.

யாரை நினைத்து அவள் இந்தப் படிப்பை எடுத்தாள் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? லாரி புக்கிங் ஆபீசில் உட்கார்ந்து நீ போனில் போடுகிற சத்தத்துக்கு, உன்னைப் பார்க்காத டிரைவர்கள் ஆறடி அம்மா என்றல்லவா நினைத்திருந்தார்கள். நேரில் வந்தால் மேஜைக்கு மேலே தேடுவார்கள். "கீழ பாருங்க, இங்கதான் இருக்கறேன்" என்பாய்.

நான் செய்தது இதுதான். எலி விஷயமாயிற்றே, யாரிடம் போவது? தெருமுனைப் பிள்ளையாரிடம் போனேன். பிறக்கிற குட்டி ஒன்றுகூடக் குறையில்லாமல் பிறக்க வேண்டும் என்று அருகம்புல் மாலை சாத்தி, நிவேதா பேரில் அர்ச்சனையும் செய்துவிட்டு வந்தேன். பெற்றவள் வேறு என்ன கேட்பாள்?

ஒன்பது குட்டி பிறந்தது. வாலில் துளி எடுத்துச் சோதித்துவிட்டு அவள் போன் செய்தாள்.

"ஒன்னுகூட ஆகாதும்மா. எல்லாமே நல்லா இருக்குது."

"நல்லா இருந்தா நல்லதுதான சாமி?"

பிறகு கேட்டாள்: "ஏம்மா, நீ எதாச்சும் வேண்டிக்கிட்டயா?"

சொன்னேன். சாமியே இல்லை என்கிறவள், என் வேண்டுதலால்தான் கெட்டுப்போனது என்று சண்டைக்கு வந்தாள். இது எந்த ஊர் நியாயம்? நாலில் ஒன்று என்று கணக்குச் சொன்னவளும் அவள்தான். பால்காரரிடம் அரை லிட்டர் குறைந்தாலே விடமாட்டேன் நான். ஒன்பதில் ஒன்றும் வராததற்கு யாரிடம் போய்க் கேட்பது?

அழுதுகொண்டே மிச்சத்தையும் சொன்னாள். அடுத்த ஈற்றிலும் வராவிட்டால் இதைக் கைவிட்டு வேறு யாருடைய வேலையிலாவது சேர்ந்துகொள்ளச் சொல்லிவிட்டாராம் அவளுடைய பேராசிரியர். போனை வைக்கும்முன் குரல் இறங்கிவிட்டது. "வேண்டறதுன்னா, ரெண்டு குட்டியாவது குட்டைக் காலோட வேணும்னு கேளும்மா."

போனேன். கற்பூரம் எரிந்து அணைந்தது. வாய் வரவில்லை, பூங்கொடி. ஓர் உயிரைக் குட்டைக் காலோடு கொடு என்று உன் அண்ணி எப்படிக் கேட்பாள்? போகட்டும், குறையில்லாமல் கொடு என்று கேட்டால் அதற்காவது அர்த்தம் உண்டா? எலும்பைப் பார்க்க வேண்டுமென்றால் எலி உயிரோடு இருக்க முடியாதாம். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல குட்டிகளும் வேண்டுமாம். நான் குறையில்லாமல் கேட்டு வாங்கிய ஒன்பதில் எத்தனை பிழைக்கும்? கேட்கவே பயமாக இருக்கிறது.

மோகனூரில் ஆற்றில் குளித்துவிட்டு வரும்போது ஒரு பெரியம்மா உன் தலையில் கை வைத்து, அடுத்த பிறவியிலாவது வளர்த்தியாகப் பிறக்க வேண்டும் என்று சாமியிடம் உருகியது ஞாபகம் இருக்கிறதா? நீ கையைத் தள்ளிவிட்டாய். "எனக்கோசரம் வேண்டறீங்களே, என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா? எனக்கு இந்தப் பிறவிலயே வேலை நெறையக் கெடக்குதுங்க." வழியெல்லாம் நான் உன்னைத் திட்டிக்கொண்டு வந்தேன். நீ வேர்க்கடலை தின்றுகொண்டு வந்தாய்.

அந்த வார்த்தைதான் இப்போது சந்நிதியில் குறுக்கே நிற்கிறது. எலிகளைப் போய் நான் கேட்க முடியாது. அதனால் உன்னைக் கேட்கிறேன். உன் மாதிரி எலும்போடு இரண்டு குட்டி பிறக்கட்டும் என்று நான் கேட்கலாமா? உனக்காக எடுத்த படிப்பு அவளுக்கு நிலைக்க வேண்டுமே. நீ கோபித்துக்கொள்வாயா, சிரிப்பாயா? உயிரோடு இருந்தபோது கேட்காததற்கெல்லாம் பதில் சொன்னாய். இப்போது கேட்கிறேன், வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாய்.

அடுத்த ஈற்று புதன்கிழமை. அதற்குள் எப்படியாவது தெரியப்படுத்து. தெரியாமல் போனால், சத்தியமாகச் சொல்கிறேன், தேங்காயை உடைத்துவிட்டு ஒரு வார்த்தையும் கேட்காமல் திரும்பி வருவேன். உன்னைக் கேட்காமல் இனி யாருக்காகவும் வேண்ட மாட்டேன்.

உன் வாய்க்கு இன்றும் பயப்படுகிற,
அண்ணி