என் பெயரில் எடுத்த குளிசை

காலையில் வயலில் நல்ல காற்று. குருவி கலைக்கவென்று நீங்கள் கயிற்றில் கட்டிவிட்ட மருந்து தீர்ந்த வெறும் குளிசை மட்டைகள் சரசரத்தன. நீங்கள் போய் ஒரு போகம் முடிந்துவிட்டது. அவிழ்க்கக் கை வரவில்லை.

போன கிழமை கம்பஸில் பட்டத்துக்குக் கணக்குப் படிக்கிற பிள்ளை ஒருத்தி வீடு வீடாக விசாரித்து வந்தாள். வலிக் குளிசையை விட முடியாமல் போகிறவர்களை எப்படிக் குறைக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறாளாம். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு என்ன விளங்கும் என்றேன். தாளில் மூன்று பெட்டி கீறினாள். வலிக்கு எடுப்பவர்கள், விட முடியாதவர்கள், விட்டவர்கள். இடையில் அம்புக்குறிகள். டொக்டர்மார் குறைத்துக் கொடுத்தால் நடுப்பெட்டி சிறுக்க வேண்டுமாம்.

"கணக்கில சிறுக்குது அன்ரி. ஊரில சிறுக்கேல்லை."

எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. சண்டையில் பட்ட செல் துண்டை இடுப்பில் வைத்துக்கொண்டு, குளிசையோடு வயல் செய்தவர் நீங்கள். டொக்டர் அதைப் பாதியாகக் குறைத்த அன்று கதிரையில் இருந்தபடி சொன்னீர்கள்: "இஞ்சாரும், முழங்கால் நோகுதெண்டு நீரும் ஒருக்காச் சொல்லிப் பாருமன்."

சொன்னேன். என் பெயரிலும் குளிசை எழுதி ஒரு கிளினிக் கொப்பி தந்தார்கள். எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு குளிசை கைமாறுவது சீனி கைமாறுவது போலத்தான், பிழையாகவே தெரியவில்லை. மாதாமாதம் நொண்டிக்கொண்டு போய், நேராக நடந்து வந்தேன். நடிப்புக்குப் பரிசு தரலாம் என்று பகிடி விடுவீர்கள். ஒரு மத்தியானம் இரண்டு பேரின் பங்கையும் விழுங்கிவிட்டுப் படுத்தீர்கள். எழும்பவில்லை.

நான் எந்தப் பெட்டி என்று பிள்ளையைக் கேட்டேன். கொப்பி இருப்பதால் முதலாவது என்றாள்.

"எனக்கு ஒரு நோவும் இல்லைப் பிள்ளை. என்ர மனுசனுக்குத்தான் எடுத்தனான்."

வாய் திறந்து அதைச் சொன்னது அன்றுதான். அவள் தாளைத் திரும்பத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு ஓரத்தில் சின்னதாக இன்னொரு பெட்டி கீறி, அதிலிருந்து நடுப்பெட்டிக்கு ஒரு அம்பு போட்டாள். வீட்டுக்குள்ளால் போகிற வழியைத் தான் யோசிக்கவில்லை என்றாள்.

நேற்று அடுத்த வளவுக்காரி வந்தா. தன் மனுசனுக்கும் குறைத்துவிட்டார்களாம். "உங்கட கொப்பியில ஒருக்கா எடுத்துத் தாங்கோவன் அக்கா."

மாட்டேன் என்றேன். முகம் கறுத்துப் போனா. நீங்களும் அவருமாக வாருங்கள், டொக்டரிடம் நானும் கூட இருந்து கதைக்கிறேன் என்றேன்.

நாளைக்குக் கிளினிக். கொப்பியைப் பையில் வைத்துவிட்டேன். அதைத் திருப்பிக் கொடுத்து, உள்ளதைச் சொல்லப் போகிறேன். இந்த முறை நொண்டாமல் போவேன்.