தெருக்குத்து மனை இரண்டு

ஆவணி 21, ஞாயிறு
காலையில் தூறல். பிறகு சுள்ளென்று வெயில். சொல்வது நான், எழுதுவது மருமகள் கஸ்தூரி. எட்டாவது வரை படித்தவள். ஐம்பது வருஷம் மாட்டுத் தரகு பார்த்தவன் நான். எந்த மாடு எந்த வருஷம் எவன் கைக்குப் போனது என்று இன்றைக்கும் சொல்வேன். மாட்டுக்கு முகம் உண்டு. மனைக்கு நம்பர்தான். அது மனதில் நிற்கவில்லை. அதனால் இந்த நோட்டு. என் பெண்சாதி அஞ்சலை கண்ணில் படக்கூடாது.

வாங்கியது: சித்திரையில் ஒரு மனை. கள்ளக்குறிச்சி, சேலம் ரோட்டோரம், தண்டபாணி என்பவர் பிரித்துப் போட்ட இடம். தெரு நேராக வந்து முட்டுகிற மனை. தெருக்குத்து, குடியிருந்தால் ஆகாது என்று எவனும் தொடவில்லை. பாதி விலைக்குக் கிடைத்தது.
விற்றது: ஆனியில், சைக்கிள் கடைக்காரருக்கு. கடைக்கு ஏது தெருக்குத்து? ரோட்டில் போகிறவன் கண்ணெல்லாம் அங்கேதான் விழும்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. சுதந்திரம் வந்த வருஷம் ஒரு செவலைக்காளை. முதுகில் பாடைச்சுழி. வீட்டில் பிணம் விழும் என்று சந்தையே ஒதுங்கியது. சல்லிசாக வாங்கி வெள்ளிமலைக்கு ஓட்டிப் போனேன். மலைக்காரர் சுழியைப் பார்க்கவே இல்லை. குளம்பைத் தூக்கிப் பார்த்தார். "சுழியாங்க ஏர் இழுக்குது? காலுதான இழுக்குது" என்றார். பதினோரு வருஷம் உழுதது அந்தக் காளை.

அதே இடத்தில் பெரிய தெருவின் முட்டில் இன்னும் இரண்டு மனை கிடக்கிறது. பக்கத்துப் பக்கத்தில். தூக்கம் வரவில்லை.

ஆவணி 22, திங்கள்
தண்டபாணியைப் பார்த்தேன். துண்டைப் போட்டு அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசினேன், சந்தையில் பேசுகிற மாதிரி. அவருக்குக் கூச்சம், நெளிகிறார். "இன்னா பெரியவரே, வாயில சொல்ல மாட்டீங்களா?" மூன்றாம் தடவை படிந்தார். புரட்டாசி 5, திங்கள்கிழமை ரிஜிஸ்டர். முன்பணம் இல்லை, சீட்டு இல்லை. வார்த்தைதான்.

பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலோரம். வழியெல்லாம் தெருமுட்டுகளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆவணி 25, வியாழன்
மேகமூட்டம். உழவு மாடு இரண்டையும் விற்றாயிற்று. கைப்பணம் போதவில்லை, வேறு வழியில்லை. வீட்டில் ரகளை.
அஞ்சலை: "மாட்ட வித்துட்டு மனையவா ஏர்ல பூட்டப் போற?"
மகன் ஏழுமலை விளக்குமாற்றை எடுத்தான். காலித் தொழுவத்தைப் பெருக்கினான். அவள் பேச்சைவிட அது உறுத்தியது.
ஐப்பசி மழைக்குள் ஒரு மனையாவது கைமாறினால் நல்ல ஜோடியே வாங்கலாம். (மாமா சாப்பிடவில்லை. இதை நானாக எழுதினேன். கஸ்தூரி.)

ஆவணி 30, செவ்வாய்
இடி விழுந்தது. வானத்தில் இல்லை. சங்கராபுரத்து அரிசி மில்லுக்காரர் அதே இரண்டு மனையையும் ஜாஸ்தி விலைக்குக் கேட்டிருக்கிறார். சைக்கிள் கடை ஓடுவதைப் பார்த்துவிட்டார். தண்டபாணி வீட்டுக்கு ஓடினேன்.
"வார்த்தை குடுத்தீங்களே."
"பெரியவரே, இது மாட்டுச் சந்தை இல்ல. சரி, உங்க வயசுக்காகச் சொல்றேன். அவருக்கும் அதே தேதிதான். உங்களுக்கு நீங்க பேசுன அதே விலை. முழுப் பணத்தோட யாரு முன்னாடி வந்து நிக்கிறீங்களோ, அவங்களுக்கு."
மில்லுக்காரரிடம் கார் இருக்கிறது. என்னிடம் பஸ் டிக்கெட்.
தவறினால்? மழை விழுந்ததும் மாட்டு விலை ஏறும். இந்தப் பணத்துக்கு ஒற்றை மாடுதான் வரும். ஒற்றை மாட்டை வைத்து எவன் உழுவான்?

புரட்டாசி 1, வியாழன்
ரோட்டில் சத்தமே இல்லை. எங்கள் சனத்துக்கு இடஒதுக்கீடு கேட்டு மறியல். ஒரு வாரமாம். வழியெல்லாம் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். ஏழுமலை விடியுமுன் கோடாலியோடு போனவன் கஞ்சி குடிக்க வந்தான்.
"கெடைச்சா நம்ம புள்ளைங்க ஆபீஸ்ல ஒக்காரும் நைனா."
"ஒக்காரட்டும்டா. திங்கக்கெழம நான் ஆபீஸ்ல நிக்கணுமே. ஒரே ஒரு பஸ்ஸ வுடுங்க."
"முதலமைச்சர் வந்தாலும் நடந்துதான் போவணும்."
அவன் சொல்வது ஞாயம்தான். கைநாட்டு என்னோடு போகட்டும். ஆனால் திங்கள்கிழமை?

புரட்டாசி 4, ஞாயிறு
ஏழுமலை சிரித்துக்கொண்டே வந்தான். மில்லுக்காரர் கார் மரத்துக்கிட்ட வந்து நின்றதாம். கெஞ்சிப் பார்த்தாராம், திருப்பி அனுப்பினார்களாம்.
"எறங்கி நடங்கன்னு சொன்னோம் நைனா. 'அவ்ளோ பணத்த மடியில வச்சிக்கினு பன்னெண்டு மைலு நடக்கறதா'ன்னாரு."
என் மடியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டேன். கார் ரோட்டை விட்டால் கதியில்லை. மாட்டுக்கு எங்கேயும் வழி உண்டு. ஏரிக்கரை, கரும்புக்கொல்லை வரப்பு, மணிமுத்தா ஆற்றில் மாடு இறங்கும் துறை. கண்ணை மூடினால் எல்லாம் தெரிகிறது.
அஞ்சலை புளிச்சோறு கட்டினாள். "எவங்கிட்டயும் வாயக் குடுக்காத" என்றாள். அவ்வளவுதான்.

புரட்டாசி 6, செவ்வாய்
இப்போதுதான் திரும்பினேன். கால் வீங்கிக் கிடக்கிறது. கஸ்தூரி, நேற்று நடந்ததை வரிசையாக எழுது.

கோழி கூவக் கிளம்பினேன். ஆற்றில் முழங்கால் தண்ணீர். வேட்டியைத் தலையில் கட்டிக்கொண்டேன், பணம் அதற்குள். பதினோரு மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ். ஆள் கம்மி. தண்டபாணி படிக்கட்டில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்தே விட்டார்.
"எப்டி வந்தீங்க?"
"மாடு வர்ற வழில."
"மில்லுக்காரரு?"
"வூட்டுல கார் தொடச்சிக்கினு இருப்பாரு."
அவர் சிரித்துவிட்டார். பத்திரம் எழுதுகிறவர் எல்லையைப் படித்தார். ஒரு தடவை கேட்டேன், அப்படியே திருப்பிச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். கட்டைவிரலில் மை வைத்தேன். இரண்டு மனையும் என் பேரில்.

நேராக இடத்துக்கு நடந்தேன். சேலம் ரோட்டில் மைல்கணக்கில் லாரிகள் நின்று கிடந்தன. பெரிய தெரு முனையிலிருந்து பார்த்தால், முட்டில், என் மனை நடுவில், புகை. நாலு கீற்றுச் சாய்த்து ஒரு பெண்பிள்ளை இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் லாரிக்காரர்கள், இருபது பேருக்குக் குறையாது.

"ஏம்மா, அவ்ளோ எடம் காலியாக் கெடக்க இங்க எதுக்கு அடுப்பு வச்ச?"
"ரோட்டுல எங்க நின்னாலும் இதான தாத்தா தெரியுது. மொதல்ல அங்க ஓரமா வச்சேன், ஒரு ஈ வரல."
எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. குழந்தை மாதிரி.
"எடம் யாருதுன்னு கேட்டியா?"
"நாலு நாளா இருக்கேன், ஒருத்தரும் வந்து கேக்கல. தெருக்குத்து தாத்தா இது, எவன் வாங்குவான்?"
கட்டைவிரலைக் காட்டினேன். மை காயவில்லை. அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.
"கெளம்பணுங்களா?"
"எதுக்குக் கெளம்பற? லாரியெல்லாம் போனாலும் இங்கயே இரு. கொட்டாய் நான் போட்டுத் தரேன். வாடகை மாசாமாசம்."
அவள் யோசித்தாள். "ஐப்பசிலருந்து" என்றாள்.
"முன்பணம்?"
முன்பணம் நாலு இட்லி. கெட்டிச் சட்னி.