கொழுப்பு என்ற வார்த்தை

பார்த்திப வருஷம், சித்திரை 12

புஷ்பவல்லி,

நீ தூங்குகிறாய், எழுப்பவில்லை. திருச்சி டாக்டரைப் பார்க்க ரயிலுக்குப் போகிறேன். சோறு உறியில் இருக்கிறது, நெய் ஊற்றிக்கொள்.

உன் அம்மாவும் இப்படித்தான், முகம் வீங்கி, உட்கார்ந்தபடியே தூங்குவாள். வெயிலிலும் "குளுருதுங்க" என்பாள். "ஒடம்பெல்லாம் கொழுப்புடி ஒனக்கு" என்று ஏசுவேன். ரத்தத்தில் கொழுப்பு ஏறியிருக்கிறது, கழுத்துச் சுரப்பி மந்தமானதுதான் காரணம், மாத்திரை சாப்பிட்டால் சரியாகும் என்று டாக்டர் சொன்னார். என் காதில் கொழுப்பு என்ற வார்த்தைதான் விழுந்தது. நெய்யை நிறுத்தினேன், மாத்திரை வாங்கவில்லை. தை மாதம் போய்விட்டாள்.

நேற்று உன்னையும் அதே வார்த்தையால் ஏசினேன்.

மாத்திரையோடு வருகிறேன்.

அப்பா

பி.கு. அம்மாவின் கம்பளி பெட்டியில் இருக்கிறது. குளிருகிறது என்று நீ சொன்னால் நம்புகிறேன்.