பழுப்புக் கம்பளிச்சட்டை

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? என் கையெழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துப் பதறாதே. இடது கையால் எழுதிப் பழகுகிறேன்.

நீ எப்போதும் பயந்தது கார்களுக்குத்தான். இந்த மொர்வான் காட்டுப் பாதையில் ஒரு கார்கூட வராது. ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்காரர்கள் மட்டும் வருவார்கள். அவர்கள் கண்ணில் படுவதற்காக நான் கூட்டிப்போகும் சைக்கிள்காரர்கள் எல்லோரும் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொள்வார்கள். போன ஞாயிறு பாரிஸ்காரி சொலாஞ்ச் அதை மறந்துவிட்டு வந்தாள். என்னுடையதைக் கழற்றிக் கொடுத்தேன்; உள்ளே பழுப்புக் கம்பளிச்சட்டை போட்டிருந்ததால் எனக்குக் குளிரவில்லை.

வழியில் சரளைக்கல் என் டயரைக் கிழித்தது. அவர்களை முன்னே அனுப்பிவிட்டு, ஓரத்துப் புதரில் குனிந்து ட்யூப் மாற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வலது முழங்கையில் குண்டு பட்டது.

சுட்டவன் வந்து என்னையே திட்டினான். "புதருக்குள்ள பழுப்பா ஒண்ணு அசைஞ்சா பன்னின்னு நெனைக்காம, பாதிரியார்னா நெனைப்பேன்? இந்தச் சட்டைய யாருய்யா பின்னுனது?"

"எங்கம்மா."

"பிரமாதம்! அப்படியே காட்டுப்பன்னித் தோலு!"

அவன்கூட வந்த வேட்டைக்காரர்கள் சிரித்தார்கள். திரும்பி வந்த சொலாஞ்ச், "நல்லவேளை, ஆரஞ்சு சட்டை என்கிட்ட இருந்துச்சு" என்றாள்.

ஆஸ்பத்திரி சூப்பில் உப்பே இல்லை. நம் ஊர் உப்பு வெண்ணெய் கொஞ்சம் அனுப்பு. கயிறு கட்டத் தேவையில்லாத ஷூவும் வேண்டும். பெரிய கடிதமாக எழுது, இங்கே பேச ஆளில்லை.

நர்ஸ் கட்டு மாற்ற வந்துவிட்டாள். குளிர்காலத்துக்கு ஆரஞ்சு நிறத்தில் இன்னொரு சட்டை பின்னு, அம்மா. இடது கை மட்டும் வைத்தால் போதும்.

உன் மகன்,
கொராந்தன்